நடராஜருக்குப் புளி போடலாமா?

தீபாவளி நெருங்கினால் ஜோகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் பக்கத்துத் தமிழ் வீடுகளின் பின்புறத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஓர் உருண்டைப் புளியும் தயாராகிவிடும். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் வரிசையாக வெளியே வரும். கடைசியில் சாமி மேடையில் நிற்கும் சுவாமிமலை நடராஜரும் இறங்குவார். விளக்குக்குப் போட்ட அதே புளி, அதே கல்லுப்பு, அதே நார். அரை மணி நேரத்தில் சிலை செக்கச்செவேலென்று ஆகிவிடும், வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. சில மாதம் கழித்து இடுப்பு மடிப்பிலும், பிரபையின் சுடர் இடுக்கிலும், முயலகன் முதுகிலும் வெளிர்பச்சைப் பொடி தட்டும். “பாசி பிடிச்சிருச்சு” என்பார்கள். மறுபடியும் புளி.

பாசிக்கு உயிர் உண்டு. இந்தப் பச்சைக்கு உயிர் கிடையாது. இதன் பழைய பெயர் களிம்பு. உயிரை விட்டுப் பிரியாத ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பின் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். செம்பு உண்டானபோதே அதுவும் கூட உண்டாகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. வேதியியல் இந்த இடத்தில் சித்தாந்தத்தோடு ஒத்துப்போவதில்லை. களிம்புக்கு வேண்டிய ஆக்சிஜன், ஈரம், உப்பு மூன்றும் வெளியிலிருந்துதான் வந்து சேர வேண்டும். முதல் இரண்டையும் ஜோகூர்க் காற்று கேட்காமலே கொடுத்துவிடுகிறது. மூன்றாவதைப் பெரும்பாலும் நாமேதான் கொண்டுபோய்ப் பூசுகிறோம்.

வெண்கலம் என்பது செம்போடு வெள்ளீயம் சேர்ந்த கலவை. சோழர் காலத்துச் சிலைகளில் இவற்றோடு காரீயமும் கணிசமாக உண்டு; உருக்கிய உலோகம் மெழுகு உருகிப்போன இடுக்கெல்லாம் தங்குதடையின்றி ஓடிச்சேர அது உதவும். பெங்களூரைச் சேர்ந்த உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் தென்னிந்தியச் சிலைகள் பலவற்றிலிருந்து துளித்துளியாக உலோகம் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். பஞ்சலோகம் என்ற பெயரில் நாம் பெருமையாகச் சொல்லும் பொன்னும் வெள்ளியும் அவற்றில் பெரும்பாலும் சுவடு அளவில்தான் தென்பட்டன. இன்றைய சுவாமிமலைப் பட்டறைகளில் உருகுவது முக்கியமாகச் செம்பு, பித்தளை, காரீயம். வெள்ளீயத்தின் இடத்தைப் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் பிடித்துக்கொண்டுவிட்டது. புளியும் உப்பும் பட்டால் இந்தத் துத்தநாகம் செம்பை முந்திக்கொண்டு கரையும். தேய்த்த சிலை சில இடங்களில் மஞ்சளாகவும் சில இடங்களில் ரோஜா நிறமாகவும் திட்டுத்திட்டாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். அந்த ரோஜா நிறத்தைச் சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது துத்தநாகத்தை இழந்து நுண்துளை விழுந்த தோல்.

மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு வெள்ளீயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தியாவில் அதன் தாது அரிது. மலாய்த் தீபகற்பத்திலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை உலகிலேயே அதிகமாக அது எடுக்கப்பட்டது. ஜோகூரிலும் கோத்தா திங்கி வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. வெண்கலமும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மூவார் வட்டாரத்தின் கம்போங் பெஞ்சுவில் கிடைத்த பழங்கால வெண்கல மணிக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வயது சொல்கிறார்கள். இவ்வளவு மழை பெய்கிற மண்ணுக்குள் கிடந்தும் அது தாக்குப்பிடித்தது என்றால், வெண்கலம் அப்படியொன்றும் பூஞ்சையான உலோகம் இல்லை.

தாக்குப்பிடிக்கும் வழியை உலோகமே செய்துகொள்கிறது. புதிதாக வார்த்துப் பளபளவென்று இருக்கும் சிலையின்மேல் காற்று பட்டதும் செம்பு ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. குப்ரைட் என்று பெயர், செம்பழுப்பு நிறம். இது தடிக்கத் தடிக்கச் சிலை கருமைக்குப் போகும். அடர்த்தியான, உலோகத்தோடு இறுக ஒட்டிய படலம் என்பதால் கீழே இருக்கும் செம்புக்கு அது காவல். மழை வெயிலில் நிற்கும் சிலைகளில் இதன்மேல் பச்சைப் படலமும் ஏறும். நியூயார்க்கில் 1886இல் நிறுவிய சுதந்திரதேவி சிலை செப்புத் தகட்டால் ஆனது. நாம் அறிந்த அந்தப் பச்சை நிறம் சில பத்தாண்டுகளில் அதற்கு வந்தது, அதன் பிறகு அந்தப் படலமே தகட்டைக் காத்துவருகிறது. ஆகவே கறுப்பைக் கண்டும் பச்சையைக் கண்டும் பதற வேண்டியதில்லை. வழவழப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒட்டியிருக்கும் நிறம் எதுவானாலும் அதை விட்டுவிடலாம். தேய்த்துத் தேய்த்து அதை எடுக்கிறவர், சிலை பல ஆண்டு உழைத்துச் சேர்த்த கவசத்தைக் கழற்றுகிறார். உலோகம் மறுபடியும் தன் தசையிலிருந்தே புதிய கவசம் செய்தாக வேண்டும்.

பயப்பட வேண்டிய பச்சை வேறு. அது வெளிறியிருக்கும், மாவு போல உதிரும், ஊசிமுனை அளவுப் புள்ளியாகத் தொடங்கும். துடைத்தால் போகும், சில நாளில் அதே இடத்தில் திரும்ப வரும். துடைத்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சின்னக் குழி தெரியும். அருங்காட்சியகத்தார் இதை வெண்கல நோய் என்கிறார்கள். கிருமியால் வருகிறது என்று நம்பியவர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தார்கள். 1890களில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தெலோ இது உப்பின் வேலை என்று விளக்கினார்.

உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்ற சாம்பல் நிறப் பொருளாகிப் படலத்துக்கு அடியில், உலோகத்தை ஒட்டிப் பதுங்கிக்கொள்கிறது. உலர்ந்த இடத்தில் அது சும்மா கிடக்கும். ஈரமும் ஆக்சிஜனும் எட்டியதும் வெளிர்பச்சைப் பொடியாக மாறிப் பருத்து, மேலே உள்ள படலத்தை வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்போது கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் விட்டுச்செல்கிறது. அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்று மறுபடியும் குப்ரஸ் குளோரைடு ஆகிறது. போட்ட உப்பு முழுதாகச் செலவாவதில்லை. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடுகிறது. கொலைகாரன் தடயத்தோடு வெளியே போகாமல் உள்ளேயே குடியிருக்கிறான் என்பதுதான் இந்த நோயின் குரூரம்.

இந்தச் சுற்று வேகம் பிடிப்பது காற்றின் ஈரப்பதம் 42 முதல் 46 விழுக்காட்டைத் தாண்டும்போது. அருங்காட்சியகங்கள் அதனால்தான் நோய்பட்ட வெண்கலத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழே வைக்கப் பார்க்கின்றன. ஜோகூரில் மாதச் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். வறண்ட மாதம் என்று இங்கே ஒன்று கிடையாது. மதுரையில் சித்திரை வெயிலில் கொஞ்ச நாளாவது ஓய்வெடுக்கும் உப்பு, இங்கே நாள் தவறாமல் வேலை செய்யும்.

தமிழ்நாட்டில் இந்த நோயோடு முதலில் மல்லுக்கட்டியது சென்னை அரசு அருங்காட்சியகம். நிலத்தில் புதைந்து கிடந்து, உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் கிடைத்த சிலைகள் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி அங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தன. மண்ணுக்குள் பல நூற்றாண்டு உப்பு குடித்தவை. வெளியே எடுத்து அலமாரியில் வைத்ததும் பொரிய ஆரம்பித்தன. கண்காணிப்பாளர் கிரேவ்லியின் காலத்தில், 1930இல் அங்கே ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. பரமசிவன் அதன் வேதியியலாளர். அவர் கையாண்ட முறை மின்பகுப்பு. காரக் கரைசலில் சிலையை எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், குளோரைடு சிலையை விட்டுக் கழன்று எதிர்ப்பக்கத் தகட்டை நோக்கிப் போய்விடும். தெரியாமலே போயிருந்த நகைகளும் ஆடை மடிப்புகளும் களிம்புக்குள்ளிருந்து வெளிப்பட்டன. இன்றைய பாதுகாப்பாளர்கள் இந்த முறைக்கு எளிதில் போவதில்லை, ஏனென்றால் நல்ல படலத்தையும் சேர்த்து அது உரித்துவிடும். ஆனால் அந்தக் காலத்தில் அது இல்லாவிட்டால் நமக்குச் சில சிலைகளே இல்லை.

நம் வீட்டுச் சிலை மண்ணில் புதைந்து கிடந்ததில்லை. பிறகு உப்பு எப்படி வருகிறது? புளியோடு சேர்த்துத் தேய்க்கும் கல்லுப்பு முதல் குற்றவாளி. தொடும் கை இரண்டாவது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்க்காத கை ஏது? வழவழப்பான சிலையின்மேல் விழுந்த விரல்ரேகை சில வாரத்தில் பழுப்பாகத் தெரிய வந்து அங்கேயே நிலைத்துவிடும். குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரின் கலக்கிறார்கள், அதன் மிச்சமும் குளோரைடுதான். கொதிக்கவைத்தால் குளோரைடு இன்னும் அடர்த்தியாகுமே தவிரக் குறையாது. பாலிலும் இளநீரிலும் இயல்பாகவே அது இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தில் இருக்கும் என்று பலர் எதிர்பார்க்க மாட்டார்கள்: சோப்பு நீரைக் கெட்டியாக்க அவற்றில் பலவற்றில் சாதாரண உப்பையே சேர்க்கிறார்கள். வாசலில் நிற்கும் சிலைக்குக் கடற்காற்று. பாசிர் கூடாங், ஸ்தூலாங் போல நீரிணையை ஒட்டிய இடங்களில் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொரு வழி எனக்கு எரிச்சலூட்டுவது. ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கும் சிலைகள். ஒரே வாரத்தில் நூறாண்டுப் பச்சையை வரவழைக்க நவச்சாரம் போன்ற குளோரைடு உப்புகளைத் தடவுவது உலகெங்கும் பழக்கத்தில் உள்ள உத்தி. நன்றாகக் கழுவி நிறுத்தாவிட்டால் சிலை தன் நோயையும் உடன் சுமந்துகொண்டுதான் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிறது. வாங்கும்போது ஒரு பல்குச்சியால் பச்சையை மெல்லத் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் வேண்டாம்.

புளி மட்டும், உப்பில்லாமல்? குத்துவிளக்குக்கு அது நல்ல மருந்து. புளியின் டார்டாரிக் அமிலம் ஆக்சைடையும் களிம்பையும் கரைக்கும். செம்பை அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. ஆனால் விளக்கு, தேய்ந்தால் மாற்றக்கூடிய பொருள். சிலைக்கு மூக்கு, உதடு, விரல்நுனி உண்டு. நாள்தோறும் அபிஷேகமும் தேய்ப்பும் கண்ட பழைய உற்சவர்கள் பலரின் முகம் இன்று வழவழவென்று அடையாளம் மங்கிப்போய் இருப்பதைக் கோயில்களில் பார்க்கலாம். சிலவற்றில் கண்ணும் மூக்கும் பிற்காலத்தில் மறுபடி செதுக்கப்பட்டவை. மெருகேற்றும் பிராஸோ போன்ற திரவங்களும் இதையே வேகமாகச் செய்கின்றன: அவற்றில் நுண்தூள் உண்டு, அது இடுக்குகளில் வெள்ளையாக உறைந்துவிடும். அமோனியா கலந்தவை செம்போடு தனியாகவே வினைபுரியும்.

எண்ணெய் பூசும் வழக்கத்துக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. மெல்லிய எண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தள்ளி நிறுத்தும். ஆனால் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் காறிப்போய்க் கொழுப்பமிலம் விடும். அது செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாகும். விளக்குக் குழியின் ஓரத்தில் நகம் பட்டால் இழையாக வரும் அந்தப் பச்சைப் பசை செம்பின் சோப்புதான், வேறொன்றுமில்லை. தூசியும் கற்பூரக் கரியும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெயின் வேலையை, அதன் குறையில்லாமல் செய்வது மெழுகு. சுவாமிமலையில் ஸ்தபதி முதலில் உருவத்தைத் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த பாகில்தான் வடிக்கிறார், பிறகுதான் காவிரி வண்டலால் மூடிக் கருக் கட்டுகிறார். வெளிப்பூச்சுக்கு மட்டும் தேன்மெழுகைவிடப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மேல். தேன்மெழுகில் இயற்கையாகவே கொஞ்சம் அமிலம் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வெர்னர் 1950களில் உருவாக்கிய ரெனசான்ஸ் மெழுகு மைக்ரோகிரிஸ்டலைன் வகைதான். ஒரு சிறு டப்பா வீட்டுக்குப் பல ஆண்டு வரும்.

பூசும் நாளைப் பாருங்கள். முதலில் நல்ல மயிர்த்தூரிகையால் உலர்ந்த தூசியைத் தட்டி எடுக்க வேண்டும். ஒப்பனைத் தூரிகை போதும், ஆனால் அதன் உலோகக் காலரில் ஒட்டுத்தாள் சுற்றிவிடுங்கள், கீறாது. பிசுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி. கார் பேட்டரிக்கு ஊற்ற பெட்ரோல் நிலையத்தில் விற்கிறார்களே, அதே நீர். துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றி, ஹேர்டிரையரின் இளஞ்சூட்டுக் காற்றை மடிப்புகளுக்குள் செலுத்துங்கள். சிலை உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்போது மெழுகை மிகக் கொஞ்சமாகத் தொட்டுப் பூச வேண்டும். அந்தச் சூட்டில் அது இடுக்குகளுக்குள் தானாக இழுத்துக்கொள்ளும். ஆறியதும் மென்துணியால் துடைத்தால் நிறம் ஒரு சாயல் ஆழமாகும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். தூக்கும்போது தூக்கிய திருவடியையோ பிரபையையோ பிடிக்காமல் பீடத்தைப் பிடியுங்கள்.

இனி ஏர்கோன். ஈரப்பதத்தைக் குறைக்கும் என்று நம்பி அந்த அறையிலேயே சிலையை வைப்பவர்கள் உண்டு. ஓடிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் உதவும்தான், அப்போதும் 50, 60 விழுக்காட்டில்தான் நிற்கும். ஆபத்து அதை அணைக்கும்போது. வெளியே 28 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 25 பாகை. அறைக்குள் 22 பாகையில் இரவெல்லாம் குளிர்ந்து நின்ற கனத்த சிலை அதைவிடக் குளிர்ச்சி. காலையில் ஏர்கோனை நிறுத்தி ஜன்னலைத் திறந்ததும் உள்ளே வரும் காற்று சிலையின்மேல் வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நீர்ப்படலம்தான், உப்புக்கு அது போதும். தென்னிந்திய வார்ப்பு உள்ளே கூடில்லாத கட்டி வார்ப்பு. சூடேற நேரம் பிடிக்கும், அதனால் அந்த ஈரம் சீக்கிரம் போகாது. குளிரூட்டாத, காற்றோட்டமுள்ள கூடமே சிலைக்கு நல்லது. இரண்டுங்கெட்டான் அறைதான் மோசம்.

புதிய பிளைவுட், சிப்போர்டு அலமாரியும் சரிப்படாது. அவை மாதக்கணக்கில் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை விடும். சிலையில் இருக்கும் காரீயம் அந்த ஆவியில் வெள்ளைப் பொடியாக அரிக்கும். பீடத்துக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுவதும் வேண்டாம். ரப்பர் நாட்டில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனால் பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருக்கிறது, அது செம்பைக் கறுக்க வைக்கும்.

அபிஷேகம் செய்யும் வீடுகள் என்ன செய்வது? அலங்காரத்துக்குப் பெரிய வெண்கலமும் அபிஷேகத்துக்குச் சிறிய வெள்ளி மூர்த்தமும் என்று பிரித்துக்கொள்வது என் பார்வையில் சிறந்தது. அப்படி இல்லாவிட்டால் பாலும் பஞ்சாமிர்தமும் முடிந்த உடனே காய்ச்சி வடித்த நீரால் கழுவி முழுக்க உலர்த்திவிடுங்கள். ஈர மாலையை இரவெல்லாம் கழுத்தில் விட வேண்டாம். தயிரும் எலுமிச்சையும் பட்ட தீர்த்தத்தைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. புளிப்பு காரீயத்தைக் கரைக்கும். வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோரை வைக்காதே என்று பாட்டிமார் சொல்வதும் இதே வேதியியல்தான்.

பரம்பரையாக வந்த, உண்மையிலேயே பழைய சிலை என்றால் மெழுகுகூட வேண்டாம், கையை வைக்காதீர்கள். அழுக்கும் சாட்சியாகலாம். தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976இல் தோண்டி எடுக்கப்பட்ட நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டன் போனார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பராமரிப்புக்கு வைத்திருந்தபோது 1982இல் போலீசார் கைப்பற்றினர். வழக்கில் நாகசாமி போன்ற அறிஞர்களின் சாட்சியத்தோடு, சிலைமேல் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் கட்டிய தடமும்கூட ஆராயப்பட்டன. 1991இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. யாராவது அதைப் புளி போட்டுத் தேய்த்திருந்தால் அந்தச் சாட்சிகள் வாளித் தண்ணீரோடு போயிருக்கும்.

நோய் ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? பொடியை மூங்கில் குச்சியால் மெல்ல எடுத்துவிட்டு, சிலையை உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். பக்கத்துச் சிலைக்கு அது தொற்றாது. 1967இல் மாட்சன் அறிமுகப்படுத்திய பென்சோடிரையசோல் என்ற மருந்து செம்பின்மேல் தடுப்புப் படலம் போடும், அருங்காட்சியகங்கள் பரவலாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் அது உடலுக்கு ஆகாத வேதிப்பொருள், சமையலறையில் கலக்கக்கூடாது. பெரிய சிலை, விலைமதிப்புள்ள சிலை என்றால் உலோகப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடமே கொடுக்க வேண்டும்.

சிறிய சிலைக்கு வழி எளிது. கேமரா லென்சில் பூஞ்சணம் வராமலிருக்க மலேசியாவில் விற்கும் மின்சார உலர்பெட்டிகள் 40 விழுக்காட்டுக்குக் கீழே நிறுத்திவைக்கக்கூடியவை. அதில் ஒரு தட்டைச் சாமிக்கு ஒதுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் காற்றுப் புகாத தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் ஒரு பை, ஒரு சிறிய டிஜிட்டல் ஈரமானி. எண் 40ஐத் தாண்டினாலோ ஜெல் பச்சைக்கு மாறினாலோ அதை வெளியே எடுத்து, ஓவனில் 110, 120 பாகையில் நிறம் திரும்பும்வரை காயவைத்து, ஆறிய பிறகு மறுபடி உள்ளே போடுங்கள்.